நாலு விரற்கடை

"ஸ்பிரிங் ரொம்பப் பழசு. தானாகவே ஒடிஞ்சுபோச்சு."

இது நான் சொன்ன பொய். 2021 நவம்பரில், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், எழுபத்தொன்பது வயது அம்மாள் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஸ்பிரிங் ஒடியவில்லை. நான் வெட்டினேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிரைண்டரைப் பிடித்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிதானமாக வெட்டினேன். அவசரத்தில் நடந்தது என்றோ தெரியாமல் செய்தேன் என்றோ சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்ல இரண்டரை ஆண்டு பிடித்தது. சொன்ன பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்கே தெரியவந்தது. இந்த ஒப்புதலை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

வண்டி 1950ஆம் ஆண்டு செவர்லே ஃப்ளீட்லைன். இரண்டு கதவு. முன்கண்ணாடிக்கு மேலே எழும் கூரை எங்கும் உடையாமல், ஒரே வளைவாகச் சரிந்து பின் பம்பர் வரை இறங்கும். ஆறு சிலிண்டர் என்ஜின், 115 அங்குல வீல்பேஸ். அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய வண்டி. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் இந்த வயதுச் செவர்லேக்களை 'பாம்' என்று செல்லமாகச் சொல்வார்கள். அந்த அம்மாளின் கணவர் 1959இல், தன் பத்தொன்பதாம் வயதில், பழ டப்பா அடைக்கும் ஆலையில் சேர்த்த கூலியில் இதைப் பழைய வண்டியாக வாங்கினார். தானே தாழ்த்தினார். சாகும்வரை ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அதை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. 2019இல் அம்மாள் அதை எனக்கு விற்றார். இரண்டு தெரு தள்ளி இருப்பவன், வண்டி கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் என்பதால் எனக்குக் கொடுத்தார். அதிக விலைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

என் பிழை புரிய வேண்டுமானால், வண்டியைத் தாழ்த்துவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்டான்ஸ் என்கிறார்கள். வண்டி நிற்கும் வாகு. தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பது அதில் ஒரு பாதிதான். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், மட்கார்டின் வளைவு டயரின் எந்த இடத்தில் வந்து முடிகிறது, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு தரைக்கு எந்தச் சாய்வில் போகிறது என்பவை மறுபாதி. பந்தய ஆசையில் பிறந்த ஹாட் ராட் வண்டிகள் மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும், பாயப் போவதைப் போல. தோற்றத்துக்காக மாற்றியமைத்த கஸ்டம் வண்டியின் அழகு வேறு. 1940களில் சேக்ரமெண்டோவில் ஹாரி வெஸ்டர்கார்ட் உருவாக்கிய வண்டிகளைப் பாருங்கள். வால் சற்றுத் தாழ்ந்திருக்கும். பின்சக்கரத்தை மூடும் ஸ்கர்ட் தகடு தரையை நோக்கி இறங்கும். நின்றிருக்கும்போதே வழுக்கிப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். அவரிடம் தொழில் பழகிய ஜார்ஜ் பாரிஸ் லாஸ் ஏஞ்சலஸ் போய், அண்ணன் சாமுடன் சேர்ந்து 1952இல் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக ஒரு 1951 மெர்குரியை மாற்றியமைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2022இல், அந்த வண்டி ஏலத்தில் இருபது லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. அதன் கூரையை வெட்டித் தாழ்த்தியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தக் கூரைக்கு ஏற்றபடி வண்டி நிற்கவில்லையென்றால் அந்த வேலைக்கு அர்த்தமே இருந்திருக்காது.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பட்டறைக்குக் கொடுக்கக் காசு ஏது? டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றி வாலைத் தாழ்த்தினார்கள். பிறகு பின்பக்கம் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கக் கற்றார்கள். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் குறைத்தார்கள். இந்தத் தாழ்ந்த வண்டிகளைக் குறிவைத்து 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஒரு சட்டமே வந்தது. சக்கரத்தின் இரும்பு வளையத்தினுடைய அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்றது. அதைச் சமாளிக்கத்தான் 1959இல் ரான் அகிர்ரே என்ற இளைஞர் விமானத்துக்கான ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட்டில் பொருத்தி, போலீஸைக் கண்டால் தூக்கவும் போனபின் இறக்கவும் வழிசெய்தார். பிரிவு 24008 என்ற அந்தச் சட்டம் 2024இல்தான் நீங்கியது.

என் வண்டியின் பழைய சொந்தக்காரர், அம்மாளின் கணவர், ஹைட்ராலிக் பக்கம் போகவில்லை. சட்டம் விட்ட இடத்துக்குள் பொறுமையாகத் தேடி, தன் வண்டிக்கான உயரத்தைக் கண்டுபிடித்தவர். பின்பக்கம் அவர் வைத்திருந்த இரண்டு அங்குலக் கட்டைகள் கடையில் வாங்கியவை அல்ல. ஒரு முழு இரும்புத் துண்டை அறுத்து அரத்தால் ராவியிருந்தார். நான்கு முகத்திலும் அரத்தின் கோடுகள் ஒரே திசையில் ஓடின. ஓரங்களைக் கை கீறாதபடி மழுக்கியிருந்தார். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே, ஆயுளுக்கும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கப் போகும் இரும்பு அது. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதே நான் நின்றிருக்க வேண்டும். இவ்வளவு பார்த்துச் செய்தவர் வேறு எதையும் ஏனோதானோ என்று செய்திருக்க மாட்டார் என்று புரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் புரியவில்லை. என் கண்ணுக்கு ஒரு குறை தெரிந்தது. வண்டியை நேர்முன்னே நின்று பார்த்தால் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தது. டேப் பிடித்துப் பார்த்தேன். அரை அங்குலமேதான். அடியில் படுத்துப் பார்த்தால் காரணமும் தெரிந்தது. இடப்பக்கப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. இடப்பக்க முன் காயிலுக்குக் கீழே ஒரு தடித்த இரும்பு வளையம் இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் ஸ்பிரிங் தளர்ந்து, மனிதர் அதற்கு ஒட்டுப்போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் சிப் கம்பெனிகளில் சோதனைப் பிரிவில் இருபது ஆண்டு வேலை பார்த்தவன். அளப்பதுதான் என் சோறு. மாற்றம் செய்வதற்கு முன் இருந்த நிலையைப் பதிந்து வைக்காமல் எதையும் தொடாதே என்று எனக்குக் கீழே வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். அப்படிப்பட்டவன் அந்த வண்டியின் நான்கு மூலை உயரத்தை எழுதிவைக்கவில்லை. அந்த அரை அங்குலத்தை மட்டும், அதுவும் குறை கண்டுபிடிப்பதற்காக, அளந்தேன்.

2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்களில் வேலையைத் தொடங்கினேன். கூடுதல் பட்டையையும் வளையத்தையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். முன் காயிலில் பக்கத்துக்கு இரண்டு சுற்று வெட்டினேன். காயில் உட்காரும் இடம் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் ஸ்பிரிங்கில் ஒரு அங்குலம் குறைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் இறங்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே வெட்டினேன், ஏனென்றால் எனக்கு வண்டி தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். மூக்கு விழுந்தது. மூக்கு விழுந்ததும் பின்பக்கம் தூக்கித் தெரிந்தது. அவர் ராவிய கட்டைகளை எடுத்துவிட்டு நான்கு அங்குலக் கட்டை வாங்கிப் போட்டேன். இப்போது அச்சு சேஸிஸுக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. முறையாகச் செய்பவர்கள் அந்த இடத்தில் சேஸிஸை வில்லாக வெட்டி, உள்ளே தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். நான் செய்யவில்லை. ஓட்டுவதைவிட நிறுத்திவைத்துக் காட்டுவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

வெட்டிய காயில் விறைத்துப்போகும். சுற்று குறையக் குறைய அது மடங்க மறுக்கும். பள்ளத்தில் இறங்கினால் வண்டி அமுங்கி எழாமல் அடித்தது. ஸ்டீயரிங் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுத்தது. ஒருநாள் இரவு, ஆறாவது படிக்கும் என் மகள் பின்சீட்டில் இருக்கும்போது, சாலையில் ஒரு தாழ்வைக் கவனிக்காமல் போனேன். அச்சு சேஸிஸில் மோதிய சத்தம் துப்பாக்கி வெடித்ததைப் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ரத்தம். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். எனக்குத் தைரியம் சொல்கிறாள் என்று புரிந்தது. வீட்டில் வேகத்தடையில் ஏறியதாகச் சொன்னேன். அவளும் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தையை என் பொய்க்குத் துணைசேர்த்த அந்த இரவையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன்.

அப்போதும் நான் நிறுத்தவில்லை. பூங்காவில் ஞாயிறுதோறும் வண்டிகள் கூடும். சான் ஹோசே, லோரைடர் எனப்படும் இந்தத் தாழ்ந்த வண்டிகளின் பண்பாட்டுக்குப் பேர்போன ஊர். லோரைடர் பத்திரிகை 1977இல் தொடங்கியது இங்கேதான். ஸ்டோரி சாலையும் கிங் சாலையும் சந்திக்கும் முனையில் பரம்பரையாக வண்டிகள் மெல்ல ஊர்ந்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் என் வண்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், படம் எடுத்தார்கள். அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, சக்கர மூடியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, முன்னிருந்து பின்வரை பார்த்தார். எழுந்து, "இந்த வண்டி எனக்குத் தெரியும். இது இப்படி நிற்காதே" என்றார். வேறு வண்டியாக இருக்கும் என்றேன். அவர் வாதாடவில்லை. போய்விட்டார்.

2021 நவம்பரில் அம்மாள் போன் செய்தார். இறந்தவர்களை நினைக்கும் நாள் வருகிறது, கல்லறைக்கு அவருடைய வண்டியிலேயே போக ஆசை என்றார். மறுக்க முடியாது. கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். அவர் பூக்களைப் படியில் வைத்துவிட்டு வண்டியைப் பார்த்தார். நேராக முன்சக்கரத்தின் அருகே வந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைக்கப் பார்த்தார். ஒரு விரல்கூடப் போகவில்லை. கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

"இங்க அவர் நாலு விரல் போகும். என் கைக்கு அஞ்சு. என்ன ஆச்சு, மிஹோ?"

மிஹோ என்றால் ஸ்பானிய மொழியில் என் மகனே என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தக் கேள்விக்குத்தான் ஸ்பிரிங் ஒடிந்துபோனதாகச் சொன்னேன். "எல்லாத்துக்கும் வயசாகுதுதான்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கல்லறைவரை ஒவ்வொரு மேட்டிலும் அந்த வண்டி அவரை உலுக்கியது. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தார்.

ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் மனம் புண்படக் கூடாது என்பதற்காக என்று நீண்டநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அவர் கண்ணில் நான் நல்லவனாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதன் ஐம்பத்தெட்டு ஆண்டு காத்ததை ஒரே நாளில் அழித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

2022இல் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டேன். ஓட்டவில்லை. அடுத்த ஆண்டு திருத்தத் தொடங்கினேன். முன்பக்கத்துக்குப் புதிய காயில் வாங்கினேன். பின்பட்டைகளை ஒரு ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றினேன். அவர் ராவிய கட்டைகள் மட்டும் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திரும்பப் போட்டேன். ஆனால் எந்த உயரத்துக்கு என்று தெரிய வேண்டுமே. ஆசையாகப் பார்க்கக் கேட்பவனைப் போல அம்மாளிடம் ஒரு பழைய புகைப்படம் வாங்கினேன். கணவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கும் படம், பக்கவாட்டில் எடுத்தது. சக்கரம் 15 அங்குலம் என்று தெரியும். அதை அளவுகோலாக வைத்து மட்கார்டு உயரம், கதவடி விளிம்பின் சாய்வு எல்லாவற்றையும் கணக்கிட்டேன். தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றி, ஸ்டெப்னியை டிக்கியில் வைத்து, டயர்களில் காற்றைச் சமமாக்கி, சமதளத்தில் நிறுத்தினேன். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் உயரத்துக்கு வராது, சக்கரங்கள் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார வேண்டும். அதனால் முன்னும் பின்னும் பத்தடி உருட்டிவிட்டு அளந்தேன். இந்த ஒழுங்கெல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவைதான்.

வால் தாழ்ந்தது. கூரையின் வளைவு பழையபடி பின்பக்கம் வழிந்து இறங்கியது. ஆனால் அந்தப் பழைய அரை அங்குலம் என்னை விடவில்லை. பக்கவாட்டுப் படம் அதற்குப் பதில் சொல்லாது. அவர் ஏன் இடப்பக்கத்தைத் தூக்கியிருந்தார்? தளர்ந்த ஸ்பிரிங் என்றால் கட்டையை அப்படி ராவிய மனிதர் இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றியிருக்க மாட்டாரா? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் போய்க் கேட்க முடியாதபடி என் பொய் குறுக்கே நின்றது. கேட்டால், ஒடிந்த ஸ்பிரிங்கைப் பற்றி இவன் ஏன் இவ்வளவு விசாரிக்கிறான் என்று தோன்றும். பொய் சொன்னவனுக்குக் கேள்வி கேட்கும் வழியும் அடைபட்டுப்போகிறது என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

2024 மே மாதம் ஒரு மாலை, நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் உட்கார்த்தி வைத்துக் காப்பி கொடுத்தார். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டர், காயில், பழைய இரும்புக்குப் போன பட்டை, வாசலில் சொன்ன பொய், புகைப்படத்தை வாங்கிய காரணம். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துப் பேசினார்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும், மிஹோ. ஸ்பிரிங் நாலு மூலையிலும் ஒண்ணா ஒடியாது. நீயா வந்து சொல்லணும்னு இருந்தேன்."

பிறகு, நான் கேட்காமலேயே அந்த அரை அங்குலத்தைச் சொன்னார். "அவர் நல்ல கனமான ஆள். ஏறி உட்கார்ந்தா வண்டி அவர் பக்கம் சாயும். அது அவருக்குப் பிடிக்காது. ஆள் உள்ள இருக்கும்போது வண்டி நேரா நிக்கணும்பார். அவர் ஸ்டீயரிங் முன்னாடி உட்கார்ந்துக்குவார், நான் வெளியில நின்னு அளந்து சொல்லுவேன். ஒரு வளையம் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, ஒரு வேனிற்காலம் முழுக்க அதே வேலை."

நான் குறை என்று கண்டது அவருடைய எடை. இந்த ஊரில் வண்டி ஓட்டுபவர் இடப்பக்கம்தான் உட்காருவார். காலியாக நிற்கும் வண்டியை அளந்துவிட்டு, கோணல் என்று தீர்ப்புச் சொல்லி, அவர் இருந்ததற்கான அடையாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டவன் நான். அளந்தது அவர்கள் இருவரும் சேர்ந்து. அளவு சொன்னவர் என் எதிரே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து ஆண்டுகளாக இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

அந்தக் கூடுதல் பட்டையை மறுபடி செய்து போடுகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். "அது அவர் எடைக்கு. இப்போ ஓட்டுறது நீ. நீ உட்காரு, நான் பார்த்துச் சொல்றேன்."

அடுத்த சனிக்கிழமை வந்தார். என் மகள் அவருக்கு நாற்காலி போட்டாள். நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். இந்த முறை மகள் நான்கு மூலையையும் டேப் பிடித்து அளந்து, கராஜ் சுவரில் பென்சிலால் எழுதினாள், எதையும் தொடுவதற்கு முன்பாக. அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, முன்சக்கரத்தின் அருகே குனிந்து, விரல்களை டயருக்கு மேலே அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதாகக் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தார். பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் தூக்கணும்" என்றார்.

இறங்கிப்போய் ஜாக்கியை எடுத்துவந்தேன்.